பாய்மரப் படகை நீரில் இறக்குமுன்: கேள்வி பதில்

மலேசியாவின் லங்காவித் தீவில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகை ஜனவரி மாதம் நீரில் இறக்கி, வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து, ஏறத்தாழ 1,200 கடல் மைல் தொலைவிலுள்ள இலங்கையின் காலித் துறைமுகத்துக்குச் செல்ல விரும்பும் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: இறக்கும் நாள் குறித்தாயிற்று, வேலையோ குறைந்தபாடில்லை. எதை முதலில் முடிப்பது?

பதில்: நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பவற்றை. பாய், கப்பி, மின்கம்பி, சமையல் அடுப்பு ஆகியவற்றைப் படகு மிதக்கும்போதும் சரிசெய்யலாம். சுக்கான், புரொப்பல்லர் தண்டு, அடித்தள வால்வு (படகின் அடியிலுள்ள நீர்த்துளைகளைத் திறந்து மூடுவது) ஆகியவற்றில் ஒன்று பழுதென்றாலும் மறுபடி கிரேனுக்குப் பணம் கட்ட வேண்டும். சுக்கானின் அடிநுனியை இரு கைகளாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், அதன் தாங்கிகள் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

கேள்வி: அடித்தள வால்வுகளில் பச்சை பூத்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா, ஐயா?

பதில்: பச்சை வெறும் மேற்பூச்சுதான், அஞ்ச வேண்டியது இளஞ்சிவப்புக்கு. சாதாரணப் பித்தளை உப்புநீரில் கிடக்கும்போது அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட, எஞ்சும் செம்பு வடிவம் மாறாமலேயே நொய்ந்துபோகிறது. உலோகத்தைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் நல்லது, சிவந்த செம்பு நிறம் தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றிவிட்டு வெண்கலத்தில் ஒன்று பொருத்துங்கள். குழாயை இறுக்கும் கிளிப்புகளையும், குறிப்பாகக் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வால்வின் அருகிலும், அது உடைந்தால் துளையை அடைக்க, அதற்கேற்ற மரத்தக்கை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்க வேண்டும்.

கேள்வி: கொட்டலசு என்னும் ஓடுள்ள கடலுயிர் ஒட்டாமலிருக்க அடிப்பகுதி முழுவதற்கும் ஒரே பெயின்ட்டை அடித்துவிடலாமா?

பதில்: அடிப்பகுதியில் பொருத்தியுள்ள துத்தநாகக் கட்டைகளின் மேல் மட்டும் தூரிகை படவே கூடாது. பிற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதே அந்தக் கட்டையின் வேலை. பெயின்ட் மூடினால் அந்த அரிப்பு புரொப்பல்லரைத் தேடிப் போகும். முட்டுக்கட்டைகள் தாங்கியிருந்த இடங்களையும் விட்டுவிடாதீர்கள். அவற்றை இடம் மாற்றி, மறைந்திருந்த பகுதிக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். அலுமினியப் படகு வைத்திருப்போர் செம்பு கலந்த பெயின்ட்டை அறவே தவிர்க்க வேண்டும்.

கேள்வி: பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பன்னிரண்டு வயது. துரு இல்லையே?

பதில்: துருப்பிடிக்காத எஃகு முன்னறிவிப்பின்றி அறுந்துபோகக்கூடியது, விரிசல் பெரும்பாலும் கம்பி முனைப்பிடிக்குள் நுழையும் இடத்தில்தான் தொடங்கும். பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட கம்பிகளை மாற்றும்படி காப்பீட்டு நிறுவனங்கள் பல கேட்பது வழக்கம், நானும் அதையே சொல்வேன்.

கேள்வி: இறக்கும் அன்று செய்ய வேண்டியது என்ன?

பதில்: கிரேனின் பட்டைகள் புரொப்பல்லர் தண்டின் மேல் விழாதபடி அவற்றின் இடத்தைப் பக்கச்சுவரில் முன்கூட்டியே குறித்து வையுங்கள். படகு நீரில் மிதந்ததும் பட்டைகளைக் கழற்ற அவசரப்பட்டு அனுமதித்துவிடாதீர்கள். கிரேன் ஓட்டுபவர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்! அவர் காத்திருக்கையில் உள்ளே இறங்கி, தரைப்பலகைகளைத் தூக்கி, ஒவ்வொரு வால்வையும் திறந்து அதன் அடியில் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். தண்டின் நீர்த்தடுப்பு ரப்பர் பெல்லோஸ் (துருத்தி போன்ற மடிப்புக் குழாய்) வகையானால், அதைக் கையால் அழுத்தி உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுங்கள். இல்லையேல் அது நீரின்றிச் சுழன்று சூடாகிவிடும். குளிர்விக்கும் கடல்நீர் வால்வு திறந்திருப்பதை உறுதிசெய்த பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும்.

கேள்வி: பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி ஒன்று உள்ளது. போதுமா?

பதில்: போதாது. செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பது 2009 பிப்ரவரி 1 அன்றே நிறுத்தப்பட்டுவிட்டது. 406 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்கி, படகு பதிவாகியுள்ள நாட்டிலேயே அதையும் பதிவுசெய்யுங்கள். பிறரிடமிருந்து வாங்கிய பழைய கருவியானால், அதிலுள்ள நாட்டுக் குறியீட்டை மாற்றி எழுதிய பின்னரே படகில் ஏற்றுங்கள்.