வீட்டிலேயே லிங்க் மாற்றலாமா?

கேள்வி: மேடு பள்ளத்தில் கார் மெதுவாகப் போனாலே முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம். ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு கம்பி) தேய்ந்துவிட்டதாம். நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக, ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். முன் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு லிங்க்கை இழுக்கும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை நுழைக்காதீர்கள்.

படுத்துவது நட்டுதான். ஸ்பேனரைத் திருப்பினால் லிங்க் நுனியிலுள்ள பால் ஜாயின்ட்டின் (உருண்டை மூட்டின்) தண்டும் கூடவே சுற்றும், அதனால் தண்டு நுனியில் குழி இருந்தால் துருவைச் சுரண்டிவிட்டு ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) செருகிப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும், சுரண்டாமல் செருகினால் குழி வழுக்கிவிடும் (எனக்கு வழுக்கியது, அப்புறம் ரம்பம்தான்). முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பழைய நட்டு வேண்டாம், புதியதை மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சரி, அடுத்த பக்கத்தையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.