‘முழு கிட்’ என்றால் எது வரை?

கே: 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (மேல் கூரை இல்லாத கார்) மாதிரியில் ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டும் பழைய பாணிக் கார், கட்ட, ‘முழு கிட்’ வாங்கினேன். பிரித்தால் ஃபைபர்கிளாஸ் பாடி, ஃபிரேம், முன் ஆக்ஸில், அவ்வளவுதான். ஏமாந்துவிட்டேனா?

ப: உங்கள் மேல் தப்பில்லை, அந்த விளம்பரத்தின் மேல்தான். ‘முழு’ என்ற சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் தனியாக வாங்கணும் என்பது பலருக்கும் தெரியும். பணத்தைத் தின்பது மற்றவைதான்: ஒயரிங், பிரேக் பைப், ஸ்டியரிங் தண்டுக்கு ஜாயின்ட், ரேடியேட்டர், ஃபேன், கண்ணாடி, கதவு ரப்பர், சீட். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலைச் சுழற்றும் புரொப்பல்லர் ஷாஃப்டை இன்ஜினும் பின் ஆக்ஸிலும் உட்கார்ந்த பிறகு அளவெடுத்துத்தான் செய்ய முடியும். எந்தக் கிட்டிலும் அது சரியாக வந்துவிடாது. ஃபைபர்கிளாஸின் மேல் பூச்சான ஜெல்கோட்டின் பளபளப்பைப் பார்த்து நேரே பெயின்ட் அடித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். கதவு இடைவெளியைச் சமப்படுத்தி, தேய்த்து, பிரைமர் போட வேண்டிய வேலை அப்படியே பாக்கி.

விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள். அதில் சொல்லி, பெட்டியில் இல்லாதவற்றைப் பட்டியல் போட்டு, படங்களோடு எழுத்தில் கேளுங்கள். போன் பேச்சு கணக்கில் வராது. கார்டில் கட்டியிருந்தால் பேங்குக்கும் இன்றே எழுதுங்கள், புகாருக்குக் கெடு உண்டு.

கே: பிரேக் பெடலை மிதித்தால் ஃபுளூயிடைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில். காலையில் பெடல் முதல் மிதியில் ஆழமாக இறங்குகிறது, இரண்டாவது மிதியில் பிடிக்கிறது. புதுசு வாங்கட்டுமா?

ப: அவசரப்படாதீர்கள். சக்கரத்தில் பேடை அழுத்தும் காலிப்பர் மேலே, சிலிண்டர் கீழே என்றால் ஃபுளூயிட் திரும்பி வடிந்துவிடும். லைனில் ரெசிடுவல் வால்வு (ஃபுளூயிட் முழுக்கத் திரும்பாமல் சிறு அழுத்தத்தைப் பிடித்து வைப்பது) போடுங்கள்: டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10. டிஸ்க் லைனில் 10 போட்டால் பேட் உரசிக்கொண்டே சூடேறும். சில மாஸ்டர் சிலிண்டர்களில் டிரம்முக்கான வால்வு உள்ளேயே இருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள். மாட்டியதும் காற்றெடுக்க மறக்காதீர்கள்.

கே: கிட் ஃபிரேம் செவர்லேயின் சிறிய வகை V8 இன்ஜினான ஸ்மால் பிளாக்குக்கானது. சல்லிசாகக் கிடைத்ததென்று அவர்களின் பெரிய வகை, 7.4 லிட்டர் பிக் பிளாக் வாங்கிவிட்டேன். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் மாற்றினால் போதுமா?

ப: போதாது. நீளம் கூடுதல், அகலம் கூடுதல், எடை சுமார் 50 கிலோ கூடுதல். ரேடியேட்டர், ஸ்டியரிங், முன் ஸ்பிரிங் எல்லாம் இடிக்கும் அல்லது மாறும். விற்றுவிடுங்கள். அளவு நாடா என்ன விலை?

கே: டாங்க் காலி, மீட்டர் ஃபுல் காட்டுகிறது. மீட்டர் பழுதா?

ப: இரண்டும் நல்லதாகவே இருக்கலாம், ஜோடிதான் தப்பு. டாங்குக்குள் இருந்து அளவை அனுப்பும் சென்டர் (sender) 0–90 ஓம் வகை என்றால் காலியில் 0 ஓம் காட்டும். 240–33 ஓம் மீட்டருக்கோ ஓம் குறையக் குறைய டாங்க் நிறைகிறது என்று அர்த்தம். வாங்குமுன் இரண்டின் ஓமையும் ஒப்பிடுங்கள். முகப்பு அழகுக்காக வாங்கிய மீட்டர் ஒன்று என்னிடமும் டிராயரில் தூங்குகிறது.

கே: இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் மினுக்குகிறது.

ப: எர்த் சரியில்லை. ஃபைபர்கிளாஸில் கரன்ட் பாயாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஃபிரேமுக்குத் தனி ஒயர் இழுங்கள்.

கே: பாதி கட்டிய டி-பக்கெட் (ஃபோர்டு மாடல் டி பாணி ஹாட் ராட்), பாதி விலை. வண்டியின் உரிமைப் பேப்பர் மட்டும் இல்லை...

ப: வாங்காதீர்கள்.