கார்புரேட்டரைத் தொடுமுன் கரண்ட்டைப் பாருங்கள்

பழைய பெட்ரோல் கார் மக்கர் செய்தால் முதலில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) ஸ்குரூவைத் திருகுவது பலருக்கும் பழக்கம். இம்முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அப்படித் திருகிப் பார்த்த பிறகு வந்தவை. அவற்றில் ஐந்து கேள்விகளும், ஒவ்வொன்றின் கீழே என் பதிலும் இங்கே.

என் 1992 அம்பாசிடர் செல்ஃப் அடிக்கும்போது பிடிக்கிறது. சாவியை விட்டதும் ஆஃப் ஆகிவிடுகிறது. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பலனில்லை.

இதில் பெட்ரோலைச் சந்தேகிக்க வேண்டாம். சாவி 'ஆன்' நிலைக்குத் திரும்பும்போது இக்னிஷன் காயிலுக்கு (பிளக்கில் பொறி வரவைக்கும் உயர் மின்னழுத்தத்தைத் தருவது) கரண்ட் போகவில்லை. டெஸ்ட் லேம்ப்பின் ஒரு முனையைக் காயிலின் பிளஸ்ஸிலும் மற்றதை எர்த்திலும் (இஞ்சின் அல்லது பாடியின் வெறும் இரும்பு) வைத்து, சாவியை 'ஆன்' செய்து லேசாக ஆட்டுங்கள். விளக்கு மினுக்கினால் ஸ்விட்சின் உள்முனைகள் தேய்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்விட்ச் சரி என்றால், உங்கள் வண்டியில் யாராவது பேலஸ்ட் காயில் (கரண்ட்டைக் குறைக்கும் ரெசிஸ்டரோடு சேர்ந்து வேலை செய்வது) மாட்டியிருக்கிறார்களா பாருங்கள். அந்த ஏற்பாட்டில் ஸ்டார்ட் ஆகும்வரை காயிலுக்கு நேர் கரண்ட், பிறகு ரெசிஸ்டர் வழியாக. ரெசிஸ்டர் அறுந்தாலும் இதே கோளாறுதான். அப்போது சிலர் ரெசிஸ்டரை விலக்கி நேராக ஒயர் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஓடும், ஆனால் காயில் கொதிக்கும், பாயிண்ட் (காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) கருகும். ஒயர்களைக் கழற்றிவிட்டு மீட்டரில் காயிலின் பிளஸ் மைனஸை அளந்தால் குழப்பம் தீரும்: சுமார் 3 ஓம் என்றால் ரெசிஸ்டர் வேண்டாத காயில், 1.5 ஓம் என்றால் கட்டாயம் வேண்டும்.

ஐடிலிங் அருமையாக நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அம்பாசிடர் வெட்டி வெட்டி இழுக்கிறது. பிளக், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் புதிது.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்ட் பிரித்துக் கொடுப்பது) கேப்பைக் கழற்றுங்கள். வெளியிலிருந்து பாயிண்ட்டுக்கு வரும் சின்ன ஒயர் ஒன்று இருக்கும். இஞ்சினின் காற்றிழுப்பு (வேக்குவம்) இழுக்கும்போது பாயிண்ட் தட்டு நகரும், அதோடு இந்த ஒயரும் வளையும். வருடக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே இருக்கும் செம்பு இழைகள் அறுந்துவிடும், மேலுறை மட்டும் புதுசு போலவே இருக்கும். இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே ஒயர் இல்லை. மாற்றும்போது பல இழைகள் கொண்ட மெல்லிய, வளையும் ஒயரே போடுங்கள், வீட்டு ஒயரிங் துண்டு ஒத்துவராது. அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து பாயிண்ட் இடைவெளியை 0.35–0.40 மில்லிமீட்டருக்குள் கொண்டுவாருங்கள்.

கார்புரேட்டர் மாருதி 800. ஐடிலிங்கில் மட்டும் வண்டியே நடுங்குகிறது.

மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலை செய்யாவிட்டாலே உடம்பெல்லாம் ஆடும். இஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி அதன் முனையை எர்த்தில் தொடவைத்துக் கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதைக் கழற்றியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்தச் சிலிண்டர்தான் படுத்திருக்கிறது. மூன்றும் ஒரே மாதிரி இருந்து, வேகமெடுத்ததும் நடுக்கம் நின்றுவிட்டால் காற்று கசிகிறது. கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டையும் வெடித்த வேக்குவம் ஹோஸ்களையும் தேடுங்கள்.

மழை பெய்தால் மட்டும் இஞ்சின் விட்டுவிட்டு ஓடுகிறது (மிஸ்ஸிங்). ஏன்?

இருட்டில் பானெட்டைத் திறந்து இஞ்சினை ஓட விடுங்கள், கை வைக்காதீர்கள். பிளக் ஒயர்களில் நீலப்பொறி ஓடினால் செட்டாக மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்பக்கம் பென்சில் கோடு மாதிரிக் கறுப்புக் கீற்று இருந்தால் சுரண்டிப் பயனில்லை, புதுக் கேப்தான்.

செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் (குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கம்பி) சுடுகிறது!

உடனே நிறுத்துங்கள். இஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டை அறுந்தோ தளர்ந்தோ இருக்கிறது, ஸ்டார்ட்டர் கரண்ட் அந்தச் சோக் கேபிள் வழியே திரும்புகிறது. பட்டையை மாற்றி, இரு முனையிலும் பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.