கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறதா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், வண்டி நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு கறை. ஆட்டோமேட்டிக் கார். கியர்பாக்ஸ் ஆயில்தானா?

பதில்: பெரும்பாலும் அதுதான். ஆனால் சிவப்பு நிறத்தில் கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வரும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கூலண்ட் கரைந்துவிடும், ஆயில் மிதக்கும். நாக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள், கூலண்ட் விஷம். ஆயில்தான் என்றால் பவர் ஸ்டீயரிங் டப்பாவையும் ஒரு பார்வை பாருங்கள். பல கார்களில் அதிலும் இதே சிவப்பு ஆயிலை ஊற்றுவார்கள். அங்கே அளவு குறைந்திருந்தால் கியர்பாக்ஸ் மேல் பழி போடவேண்டாம்.

கேள்வி: எனக்குக் கறை பழுப்பாக இருக்கிறது. அப்போது கியர்பாக்ஸ் இல்லையா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. பழைய கியர்பாக்ஸ் ஆயிலும் பழுப்பாகும். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிகளில் ஆயில் புதிதாகவே பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கலாம். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் ஆயிலையும் கறையையும் வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் தடவி ஒப்பிடுங்கள்.

கேள்வி: அடிப்பக்கம் முழுக்கவே ஆயில். மெக்கானிக் பார்த்தவுடனே பேன் கேஸ்கெட் மாற்றவேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா அண்ணா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பேன் என்பது ஆயில் தேங்கும் தட்டு, கேஸ்கெட் அதன் விளிம்பில் கசியாமல் வைக்கும் அடைப்பு. அந்தப் பேன்தான் கியர்பாக்ஸின் அடியில் இருக்கிறது. மேலே எங்கே ஒழுகினாலும் அங்கேதான் வந்து சேரும். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் வேறு தள்ளும். அதனால் சொட்டும் இடத்தை விடுங்கள். ஈரம் எங்கே தொடங்குகிறது, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே, முன்னால் நனைந்திருக்கும் இடம் எது என்று தேடவேண்டும்.

இதற்கு முதலில் துடைக்கவேண்டும். பழைய ஆயில் பிசுக்கோடு கசிவைத் தேடுவது வீண் வேலை. வண்டி ஆறியபின் பிசுக்கு நீக்கும் டிகிரீசர் அடித்துக் கழுவிக் காயவிடுங்கள். சிறிது தூரம் ஓட்டி, கீழே ஒரு அட்டையை விரித்து நிறுத்துங்கள். அப்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கூலருக்குப் போகும் குழாய் இணைப்புகள், ஷிஃப்ட் லீவர் தண்டின் சீல் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), வயர் சாக்கெட் நுழையும் இடம், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில் சீல், கடைசியாகப் பேன். அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் புற ஊதா சாயம் கலந்து, அதற்கான விளக்கில் பார்த்தால் கசியும் வழி பளிச்சென்று தெரியும். அடியில் நுழையும் முன் ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பவே கூடாது.

பேன்தான் என்று உறுதியானாலும் போல்ட்டை ஓங்கி முறுக்காதீர்கள். பேனின் விளிம்பு வளைந்து கசிவு அதிகமாகும்.

கேள்வி: இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது.

பதில்: இரண்டு சீல் மேல் சந்தேகம். இன்ஜினின் பின் சீல் என்றால் இன்ஜின் ஆயில் வரும். டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சீல் என்றால் கியர்பாக்ஸ் ஆயில். எதுவானாலும் கியர்பாக்ஸை இறக்கவேண்டியிருக்கும், கூலி கனமாகும். அதனால் எந்த ஆயில் என்று தெரியாமல் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: தினமும் ஓட்டினால் ஒழுகுவதில்லை, நாள்கணக்கில் நிறுத்தினால் மட்டும் ஒழுகுகிறது. ஏன்?

பதில்: நிற்கும்போது டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் மெதுவாகப் பேனுக்கு வடியும். பேனில் மட்டம் ஏறும். ஓடும்போது மட்டத்துக்கு மேலே இருந்த சீல் இப்போது மூழ்கிவிடும். ஷிஃப்ட் தண்டின் சீலை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது?

பதில்: பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் சமதரையில், கியர்பாக்ஸ் சூடானபின், கியரைப் பார்க்கில் (P) வைத்து, இன்ஜின் ஓடும்போதே பார்க்கவேண்டும். சில கார்களில் அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும், சிலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. கையேடு சொல்வதுதான் சரி. கூடுதலாக ஊற்றினாலும் ஆபத்து. நுரைத்து, கியர்பாக்ஸில் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியே பொங்கும், அதுவும் பார்க்கக் கசிவு மாதிரியே இருக்கும்.

கேள்வி: கீழே ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் கியர்பாக்ஸ் ஆயில் குறைகிறது, ரேடியேட்டரில் நுரைத்த பால் மாதிரி இளஞ்சிவப்பாக ஏதோ இருக்கிறது.

பதில்: வண்டியை இனி ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து இரண்டும் கலந்துவிட்டன. கிளட்ச் தட்டுகளில் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையைக் கூலண்ட் கெடுத்துவிடும். டோ வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும்.

கேள்வி: கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே?

பதில்: இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் உப்பவைக்கும், அவ்வளவுதான். கிழிந்த சீலுக்கும் அரித்த குழாய்க்கும் உதவாது. நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: லேசான கசிவுதான். ஓட்டலாமா?

பதில்: கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து தீர்வதில்லை. குறைகிறது என்றால் எங்கோ வெளியேறுகிறது. அளவு சரியாக இருந்தால் பட்டறை வரை போகலாம். டி போட்டபின் வண்டி தாமதித்து நகர்ந்தாலோ, இன்ஜின் சீறியும் வேகம் ஏறாவிட்டாலோ ஓரங்கட்டி நிறுத்துங்கள். சைலன்சர் குழாயில் சொட்டிப் புகையோ கருகல் வாடையோ வந்தால் உடனே இன்ஜினை அணைத்து எல்லோரும் இறங்கிவிடுங்கள். அந்த ஆயில் தீப்பிடிக்கும்.