வீட்டு விறகுக்கு 45 சிசி செயின்சா போதுமா?

கேள்வி: சிவகங்கைப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலம். அதில் ஒன்றரை ஏக்கரில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குத் தீவனம் காய்ச்ச என்று வருஷத்துக்கு நாலைந்து டன் விறகு செலவாகிறது. கொல்லையில் ஒரு பழைய புளிய மரமும் விழுந்து கிடக்கிறது. கடையில் 45 சிசி ‘வீட்டு உபயோக’ செயின்சா ஒன்றைக் காட்டுகிறார்கள். என் மாமாவோ, ‘கருவேலத்துக்கு அதெல்லாம் தாங்காது, வாங்கினால் தொழில்காரர்கள் வைத்திருக்கிற மெஷினை வாங்கு, இல்லாவிட்டால் ஆளை விட்டு வெட்டு’ என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொல்லும் அளவுக்கு அந்த 45 சிசி மெஷின் தாராளமாகப் போதும். புளிய மரத்தின் அடிமரம் மட்டும் தனிக் கதை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை அடி, அதாவது 15 செ.மீ. தடிமனுள்ள மரத்தை ஒன்றரை அடித் துண்டாகப் போட்டால் ஒரு துண்டின் கன அளவு சுமார் 8 லிட்டர். பச்சைக் கருவேலத்தின் எடையைத் தண்ணீருக்குச் சமமாக வைத்துக்கொண்டால் ஒரு துண்டு 8 கிலோ. ஒரு டன் விறகுக்கு 125 வெட்டு. கூர் நன்றாக இருக்கும் 45 சிசி மெஷினில் ஒரு வெட்டுக்குப் பத்து நொடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இருபது நிமிஷ சொச்சம்தான். மெல்லிய கிளை என்றால் வெட்டின் எண்ணிக்கை ஏறும், ஒவ்வொரு வெட்டின் நேரமும் அதே அளவுக்குக் குறையும், ஆகவே டன்னுக்கு ஆகும் நேரம் பெரிதாக மாறாது.

ஐந்து டன்னுக்கு இரண்டு மணி நேரம். மரத்தைச் சாய்ப்பது, முள் கிளை கழிப்பது எல்லாம் சேர்த்து மூன்று நான்கு மடங்கு என்றாலும் வருஷத்துக்கு எட்டு மணி நேரத்துக்குள் அடங்கும். அமெரிக்காவில் கையில் பிடித்து இயக்கும் இப்படிப்பட்ட இன்ஜின்களை 50 மணி, 125 மணி, 300 மணி என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். அத்தனை மணி நேரம் ஓடிய பிறகும் புகை விதிக்குள் நிற்க வேண்டும் என்பது கணக்கு. அதோடு இன்ஜினின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தமில்லை. இருந்தாலும், எந்த மெஷினை எவ்வளவு வேலைக்கு எண்ணிச் செய்கிறார்கள் என்று அதிலிருந்து ஓரளவு தெரியும். மிகக் கீழே உள்ள 50 மணி நேரமே உங்களுக்கு ஆறு வருஷ வேலை. தினமும் மூன்று மணி நேரம் ஓட்டுகிற மரம்வெட்டித் தொழிலாளிக்கு அது மூன்று வாரம்கூட வராது. அவருக்கும் உங்களுக்கும் ஒரே மெஷின் தேவையில்லை.

அப்படியானால் தொழில்முறை மெஷினுக்குக் கூடுதல் காசு ஏன்? ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டில் எம்எஸ் 271, எம்எஸ் 261 இரண்டுக்கும் 50.2 சிசி இன்ஜின்தான். பண்ணை வேலைக்கான 271-இன் சக்தி 2.6 கிலோவாட், எடை 5.6 கிலோ. தொழில்முறை 261-இல் சக்தி 3 கிலோவாட், எடை 5 கிலோவுக்குள். நாள் முழுக்கக் கையில் தூக்கி நிற்பவருக்கு அந்த முக்கால் கிலோ பெரிய விஷயம். இன்ஜினைச் சுற்றியுள்ள கூட்டிலும் வித்தியாசம் உண்டு. தொழில்முறை மெஷின்களில் அது மெக்னீசிய உலோகம், வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஓயாமல் ஓடிச் சூடேறும்போதுதான் அந்த உலோகக் கூட்டின் அருமை தெரியும். சனி, ஞாயிறு ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அந்தக் கட்டம் வரவே வராது. நீங்கள் பார்த்திருப்பது எம்எஸ் 250 போன்ற ஒன்றாக இருந்தால் 45.4 சிசி, 2.3 கிலோவாட், பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல் 4.6 கிலோ. விறகுக்கு நல்ல பொருத்தம். 16 அங்குலத்துக்கு மேல் பார் போடச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். பார் நீள நீள இன்ஜின் திணறும், கூர் பிடிக்க வேண்டிய பல்லும் கூடும்.

மாமா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. காய்ந்த கருவேலம் இரும்பு மாதிரிதான். சாய்த்துப் போட்டு ஆறு மாதம் வெயிலில் கிடந்ததை அறுத்தால் எந்த மெஷினின் பல்லும் சீக்கிரம் மழுங்கும். அதற்காகப் பெரிய மெஷின் வேண்டாம், பச்சையாக இருக்கும்போதே அறுத்தால் போதும். சாய்த்த வாரத்திலேயே துண்டு போட்டு, பிளக்க வேண்டியதைக் கோடாலியால் பிளந்து, ஒரு கோடை முழுக்கக் காற்றாட அடுக்கி வையுங்கள். பச்சையில் பிளப்பதும் சுலபம். செயின்சாவை வைத்து மரத்தை நீளவாக்கில் பிளக்கப் பார்க்காதீர்கள், இந்த அளவு இன்ஜினை வதைக்கும் வேலை அதுதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். ‘வீட்டு மெஷின் இழுக்கவில்லை’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இன்ஜின் இல்லை, செயின். கூரான செயின் மரத்தைச் செதில் செதிலாகச் சீவித் தள்ளும், மெஷினைத் தன்னாலேயே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மாவு மாதிரித் தூள் கொட்டினால், நீங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தால், மரம் கருகிய வாசனை வந்தால், அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.

இன்றைய செயின் பல்லின் வடிவம் ஒரு புழுவிடமிருந்து வந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, மரத்தைக் குடைந்து தின்னும் ஒரு வண்டின் புழு தன் இரண்டு தாடைகளால் இடமும் வலமும் மாறி மாறிக் கடித்து முன்னேறுவதைக் கவனித்தார். அடுத்த ஆண்டே அதே முறையில் வெட்டும் செயினைச் செய்து விற்க ஆரம்பித்தார். உங்கள் செயினிலும் ஒரு பல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்றுதான் இருக்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு அரம் போட வேண்டும். இந்தப் பக்கம் மூன்று இழுப்பு என்றால் அந்தப் பக்கமும் மூன்று. ஒரு பக்கம் கூடினால் வெட்டு நேராக இறங்காமல் கோணிக்கொண்டு போகும்.

அரம் உருண்டை அரமாக, செயினுக்குச் சரியான பருமனில் இருக்க வேண்டும். கண்ணி இடைவெளி (பிட்ச்) 0.325 அங்குலமுள்ள செயினுக்கு 4.8 மி.மீ., சின்ன மெஷின்களில் வரும் மெல்லிய 3/8 செயினுக்கு 4 மி.மீ. எது என்று செயின் பெட்டியில் இருக்கும், இல்லையென்றால் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான செயின்களுக்குக் கோணம் 30 டிகிரி, பல்லிலேயே கோடு போட்டிருப்பார்கள். உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள், திரும்பி வரும்போது அரம் பல்லில் உரசக்கூடாது. ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கும், பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அரம் போடப் போடப் பல் தாழும், மேடு தாழாது. அப்போது கூர் இருந்தும் வெட்டாது. நாலைந்து முறை அரம் போட்டதும் அதற்கான அளவுத் தகட்டை வைத்து, தட்டை அரத்தால் மேட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதிகம் குறைத்துவிட்டால் மெஷின் முரட்டுத்தனமாகக் கடித்து உதறும், ஜாக்கிரதை.

கூரைக் கெடுப்பது மரத்தைவிட மண்தான். தரையில் கிடக்கும் மரத்தை அறுக்கும்போது செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டால் போதும், அதுவரை பிடித்த கூர் போய்விடும். பெருக்கல் குறி வடிவில் கட்டைகளை அடித்து ஒரு தாங்கு சட்டம் செய்துகொள்ளுங்கள், அதன்மேல் மரத்தை வைத்து அறுங்கள், முதுகுக்கும் நல்லது. கருவேலத்தின் தூரில் தரையோடு ஒட்ட அறுக்க வேண்டாம், ஒரு சாண் விட்டே அறுங்கள். ஒட்ட அறுத்தாலும் அது துளிர்க்கத்தான் செய்யும், வேரோடு எடுக்க ஜேசிபிதான் வழி. பனை, தென்னை கையில் வந்தாலும் கவனம், வெளிப்பக்க நார் பல்லைத் தேய்த்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் இரண்டு பழக்கங்களை விட வேண்டும். ஒன்று, பாருக்கு வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுவது. அதில் உலோகத் துகளும் அழுக்கும் இருக்கும், எண்ணெய்ப் பம்ப்பும் பாரும் கெடும், தோலுக்கும் ஆகாது. இன்னொன்று, பெட்ரோலில் கண்மட்டத்தில் ஆயில் கலப்பது. நல்ல டூ-டி ஆயிலாக இருந்தால் இப்போதைய மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. ஒரு முறை ஆயில் கலக்க மறந்தால்கூட இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

பெட்ரோலைப் பற்றி இன்னொன்று. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பல சின்ன இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீதம்தான் வரம்பு. அதனால் வாங்கும் மெஷின் இ20-க்கு ஏற்றதா என்று கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர்க் குழாய்களையும் கார்பரேட்டர் சவ்வுகளையும் நாளடைவில் பாழாக்கும். வருஷத்துக்கு எட்டு மணி நேரம் மட்டும் ஓடும் மெஷினுக்கு இதுதான் பெரிய எதிரி. ஓடித் தேய்வதைவிடப் பெட்ரோலோடு சும்மா கிடந்தே அது கெடும். அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மெஷினில் மிச்சம் பிடிக்கும் காசைப் பாதுகாப்பு உடைக்குப் போடுங்கள். நம் ஊரில் லுங்கியும் ரப்பர்ச் செருப்புமாக நின்று செயின்சா ஓட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் தொடையைத் தொட்டால் தையல் போட்டுச் சரிசெய்கிற காயமாக இருக்காது. சாப்ஸ் என்று கேட்டால் தொடையோடு சேர்த்துக் கட்டும் கவசம் கிடைக்கும். அதற்குள் இருக்கும் நீண்ட இழைகளை செயின் இழுத்ததும் அவை போய்ப் பற்சக்கரத்தில் சுற்றி மெஷினையே நிறுத்திவிடும். அதோடு முகத்துக்கு வலைத் திரையும் காதுக்கு மூடியும் உள்ள ஹெல்மெட், கருவேல முள் ஏறாத தடித்த அடியுள்ள பூட்ஸ். இவை இல்லாமல் மெஷினை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

பாரின் நுனியில் மேல் கால்பகுதி மரத்தில் இடித்தால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. கருவேலம் ஒரே தூரிலிருந்து பல கிளையாகப் பின்னி வளர்வதால் இந்த ஆபத்து அதில் அதிகம், ஒரு கிளையை அறுக்கும்போது நுனி பின்னாலுள்ள கிளையில் போய் இடிக்கும். முதலில் அரிவாளால் சில்லறைக் கிளைகளைக் கழித்து வழி செய்துகொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், பாருக்கு நேர் பின்னால் முகம் இருக்கும்படி நின்று அறுக்காதீர்கள், தோளுக்கு மேல் தூக்காதீர்கள், தனியாளாகக் காட்டுக்குள் போகாதீர்கள்.

விலை குறைவாகக் கிடைக்கும் 58 சிசி மெஷின்களைப் பற்றியும் மனசுக்குள் ஒரு கேள்வி இருக்கும். அவை ஓடும், உதிரி பாகமும் மலிவு. ஆனால் எகிறும்போது செயினை நிறுத்த வேண்டிய பிரேக்கும், அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங்கும் எல்லாவற்றிலும் நம்பும்படி இருப்பதில்லை. எந்த மெஷினாக இருந்தாலும் கடையிலேயே ஓடவிட்டு, முன்கைப்பிடிக்கு மேலுள்ள காவலை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்றால் நல்ல மெஷினும் மூலையில் கிடக்கும்.

இனி அந்தப் புளிய மரம். ஒரு அடிவரை தடிமனுள்ள கிளைகளை நீங்களே அறுக்கலாம். அடிமரம் வேறு. தடிமன் மூன்று மடங்கானால் அறுக்க வேண்டிய பரப்பு ஒன்பது மடங்காகும், அதற்கு 70 சிசி மெஷினும் நீளப் பாரும் பழகிய கையும் வேண்டும். ஒரு நாள் கூலிக்கு ஆளைக் கூப்பிடுவதுதான் லாபம். அறுக்கும் முன் கறிக்கடைக்காரர்கள் யாரிடமாவது விசாரியுங்கள். வெட்டுக்கட்டைக்குப் புளிய மரத்தைத்தான் தேடுவார்கள், என்ன நீளத்தில் வேண்டும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.