மூன்றாவது நீட்டுக்கு முன்னால் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

நாமக்கல்லிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இரண்டாவது முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்குரிய மதிப்பெண் வரவில்லை. கணவர் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். இன்னும் ஒரு வருடம் கோச்சிங் அனுப்பினால் கிடைத்துவிடும் என்கிறார் தாய்மாமன். சித்தப்பாவோ ஜார்ஜியாவில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜெண்டிடம் முன்பணமே கொடுத்துவிட்டார். பரமத்தி பக்கம் இருக்கும் நிலத்தை விற்பதா, அடமானம் வைப்பதா என்று வீட்டில் தினமும் பேச்சு நடக்கிறது. "என்ன செய்வதென்றே தெரியவில்லை, நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதி, அவர்களில் சிறு பங்கினருக்கே அரசு இடம் கிடைக்கும் தேர்வு அது. அதில் இடம் வராததை வைத்து உங்கள் மகளின் அறிவை யாரும் எடை போட வேண்டாம். ஆறுதலாக நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். இனிமேல் எழுதப்போவது உங்கள் உறவினர்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் மட்டுமே 20 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. விடுதி, புத்தகம், பிறகு மேற்படிப்பு என்று கணக்கிட்டால் ஒரு பட்டறையின் வருமானம் அதைத் தாங்காது. வெளிநாட்டுப் படிப்பு மலிவு என்று சொல்லப்படுவதையும் முழுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பும் 12 மாதப் பயிற்சியும் முடித்து, இங்கே தகுதித் தேர்விலும் தேறி, மறுபடி 12 மாதப் பயிற்சி செய்த பிறகே பதிவு செய்துகொள்ள முடியும். அந்தத் தகுதித் தேர்வில் பெரும்பாலான முறைகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறுவதில்லை. ஏஜெண்ட் காட்டும் வண்ணப் புத்தகத்தில் இந்தத் தகவல் இருக்காது.

மூன்றாவது முயற்சியைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: அதை யார் கேட்டார்கள்? உங்கள் நீண்ட கடிதத்தில் மாமா சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரே செய்தி ஒரு குறையாகத்தான் வந்திருக்கிறது. படிக்கச் சொன்னால் தாத்தாவின் சர்க்கரை அளவுகளை நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று வருத்தப்பட்டு, அதில் ஒரு பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள்.

அந்தப் பக்கத்தை நான் கவனமாகப் பார்த்தேன். வெறும் வயிற்றில் எடுத்தது ஒரு பத்தியில், சாப்பிட்ட பின் எடுத்தது இன்னொரு பத்தியில். தாத்தா அன்று நடந்தாரா இல்லையா என்பது மூன்றாவதில். வீட்டுக் கருவியில் பார்த்த அளவையும் ஆய்வகத்தில் பார்த்த அளவையும் ஒன்றாகக் கலக்காமல் வேறு வேறு மையில் எழுதியிருக்கிறாள். அளவெடுக்காமல் விட்ட நாள்களைக் காலியாக விட்டு, பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருக்கிறாள்: "அளக்காத நாள்கள்தான் சர்க்கரை கூடிய நாள்களோ?" சகோதரி, விருந்துக்குப் போய்வந்த மறுநாள் தாத்தா வேண்டுமென்றே அளக்காமல் விட்டிருந்தால், நோட்டில் இருக்கும் அளவுகளின் சராசரி உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். நோயாளிகளின் தரவைக் கையாளும் ஆய்வாளர்கள் முதுகலை வகுப்பில் பாடமாகப் படிக்கும் சிக்கல் இது. உங்கள் மகள் அதை யாரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்திருக்கிறாள். பிளஸ் டூ கணிதத்தில் அவள் எடுத்த 98-ஐ இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நீட் எழுதிய பிள்ளைகளுக்கு வழக்கமாகச் சொல்லும் மாற்றுப் படிப்புகளை நீங்களே அறிவீர்கள். அவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு துறையைச் சொல்கிறேன். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று கல்லூரிகளில் வழங்கும் மருத்துவப் புள்ளியியல்தான் அது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, யாருக்கு எந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம், அதற்கு எது காரணம், எது காரணம் போலத் தோன்றி ஏமாற்றுகிறது என்று பிரித்தறிவது இந்தத் துறையின் வேலை. புகையிலையும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் மாரடைப்போடு தொடர்புடையவை என்று இன்று எல்லோரும் சொல்வது, 1948-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைப் பதிவுசெய்து ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்விலிருந்து பெருமளவு உறுதிப்பட்டது. 1950-இல் மருத்துவர் ரிச்சர்ட் டாலுடன் சேர்ந்து, லண்டன் மருத்துவமனை நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் மருத்துவர் அல்லர். மருத்துவம் படிக்க விரும்பியவர், முதல் உலகப் போர்க் காலத்தில் காசநோய் வந்து அந்த வழி அடைபட்டதால், அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பிறகு புள்ளியியலுக்கு வந்தார். அவர் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சென்னை நகரில் 26,001 பேரிடம் விவரம் சேகரித்துத் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வின் தரவைக் கொண்டு, நீரிழிவு மருத்துவர் டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 2005-இல் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். ரத்தம் எடுக்காமல், இடுப்பை அளக்கும் ஒரு நாடாவையும் மூன்று கேள்விகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, தனக்கே தெரியாமல் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கக்கூடுமா என்று கணிப்பது அதன் நோக்கம். வயது 35-க்குக் கீழ் என்றால் சுழியம், 35 முதல் 49 வரை 20, 50-உம் அதற்கு மேலும் என்றால் 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ.க்குக் கீழ் என்றால் சுழியம், 90 முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20. பெண்ணுக்கு ஒவ்வொரு வரம்பும் 10 செ.மீ. குறைவு. உடற்பயிற்சியும் கடும் உழைப்பும் இருந்தால் சுழியம், இரண்டில் ஒன்று இருந்தால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. ஐம்பதைக் கடந்த, இடுப்பு 96 செ.மீ. உள்ள, உடலுழைப்பு இல்லாத, தாய்க்கு மட்டும் சர்க்கரை இருந்த ஓர் ஆணுக்கு இந்தக் கணக்கில் நூற்றுக்கு 80 வருகிறது. அறுபதும் அதற்கு மேலும் வந்தால் அவர் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்.

இதைப் பார்த்தால் சிறுபிள்ளைக் கூட்டல் கணக்கு போலத் தெரியும். ஆனால் வயதுக்கு 30 ஏன், பரம்பரைக்கு 20 ஏன் என்பதில்தான் புள்ளியியலாளரின் உழைப்பு இருக்கிறது. வயது கூடினால் இடுப்பும் கூடுகிறது, உழைப்பும் குறைகிறது. அப்படியிருக்க நோயில் வயதின் பங்கு எவ்வளவு, இடுப்பின் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே பிரித்தெடுக்க லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற முறை தேவைப்படுகிறது. வரம்பை அறுபதில் வைப்பதும் அப்படி ஒரு முடிவுதான். அங்கே வைத்தபோது, கண்டறியப்படாத நோய் உள்ளவர்களில் 72.5 சதவீதத்தினர் பிடிபட்டார்கள். நோய் இல்லாதவர்களில் 60.1 சதவீதத்தினர் சரியாக விலக்கப்பட்டார்கள். வரம்பைக் குறைத்தால் இன்னும் பல நோயாளிகளைப் பிடிக்கலாம், ஆனால் நோயில்லாத ஏராளமானோரை வீணாகப் பரிசோதனைக்கு அனுப்ப நேரிடும். கூட்டினால் செலவு குறையும், நோயாளிகள் தப்பிவிடுவார்கள். எந்தத் தவற்றை எவ்வளவு தாங்கலாம் என்று நிறுத்துப் பார்க்கும் நிதானமும் பொறுப்பும் உள்ள பிள்ளைகள் இந்தத் துறைக்கு வேண்டும். மையை மாற்றி எழுதிய பெண்ணிடம் அந்த நிதானத்தை நான் பார்க்கிறேன்.

இந்த வேலை உயிரைக் காக்கிறதா என்று உங்கள் அண்ணன் கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2022-இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பைக் குறைக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. நோய் உறுதியானவுடன் எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, உயிருக்கு ஆபத்துள்ளவர்களை அன்றைக்கே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது அந்தத் திட்டம். அதில் முக்கியப் பங்காற்றிய தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் சென்னை அயப்பாக்கத்தில்தான் இருக்கிறது. எந்த அறிகுறி உள்ளவர்கள் விரைவில் இறக்கிறார்கள் என்று நோயாளிகளின் தரவிலிருந்து கண்டுசொல்ல ஆளில்லாமல் இப்படியொரு திட்டத்தை நடத்த முடியாது.

இனி வழி. பிளஸ் டூ-வில் கணிதம் இருப்பதால் பி.எஸ்சி. புள்ளியியலில் அவள் சேரலாம். சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் இந்தப் பட்டம் நெடுங்காலமாக இருக்கிறது; வேறு சில ஊர்களின் அரசுக் கலைக் கல்லூரிகளிலும் உண்டு. எல்லா ஊரிலும் கிடையாது. அருகில் இல்லையென்றால், புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொண்ட பி.எஸ்சி. கணிதத்தில் சேர்க்கலாம், துணைப்பாடம் எது என்று சேருமுன் துறைத் தலைவரிடமே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சில கல்லூரிகளில் அந்த இடத்தில் இயற்பியல் இருக்கும். அதன் பிறகு எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தப் படிப்பு இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இருக்கிறது. மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில் மக்கள்தொகையியலோடு சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே, மருத்துவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கும் படிப்பு என்பதால், வேலூரையும் ஜிப்மரையும் நான் முதலில் சொல்வேன். தகுதி விதிகள் அவ்வப்போது மாறும். அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அரசுக் கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பின் ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அவள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் கிடைக்கும். கணக்கீட்டுக்குப் பயன்படும் ஆர் என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினியிலேயே ஓடும். ஆகவே இதற்கும் லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். மருத்துவ டேட்டா சயின்ஸ், சுகாதாரச் செயற்கை நுண்ணறிவு என்று புதுப் பெயர் சூட்டிய பட்டங்களுக்குச் சில தனியார் கல்லூரிகள் பெருந்தொகை வாங்குகின்றன. பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். நிகழ்தகவும் ரிக்ரெஷனும் ஆய்வு வடிவமைப்பும் ஆழமாக இல்லாத பட்டம், என்ன பெயரில் வந்தாலும் வேண்டாம்.

குறைகளையும் மறைக்கமாட்டேன். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் இந்தத் துறையில் நல்ல வேலை கிடைப்பது கடினம். முதுகலை கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்களில் தொடக்க வேலைகள் பெரும்பாலும் திட்ட ஒப்பந்தங்கள். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழக வேண்டும். ஹைதராபாத், பெங்களூரு, சென்னை ஆகிய ஊர்களில் மருந்துப் பரிசோதனைத் தரவை ஆராயும் நிறுவனங்கள் புள்ளியியலாளர்களை எடுக்கின்றன. அங்கே சாஸ் என்ற மென்பொருளும் தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பணி விரும்பினால், புள்ளியியல் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது, மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணி இருக்கிறது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால் முனைவர் பட்டம் வரை படிக்க வேண்டும். கல்யாண வீட்டில் "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தையில் விளக்க முடியாது. அந்தச் சங்கடத்தைத் தாங்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். அதைத் தவிர்ப்பதற்காக மகளின் ஆறு வருடத்தையும் குடும்ப நிலத்தையும் கொடுப்பது நியாயமில்லை.

ஒரு நிபந்தனையும் உண்டு. நான் இவ்வளவு எழுதியதும் அவள் மனத்தைக் கேட்காமல் இதில் தள்ளிவிடுவதற்காக அல்ல. நோயாளியின் கையைப் பிடித்து வைத்தியம் பார்ப்பதுதான் தன் ஆசை, எண்கள் பொழுதுபோக்கு மட்டுமே என்று அவளே சொன்னால், என் யோசனையை ஒதுக்கிவிடுங்கள். அப்போது மூன்றாவது முயற்சி எடுக்கலாமா என்று அவளோடும் சேர்ந்து பேசுவோம். அப்போதும் நிலம் விற்பனைக்கு இல்லை. மாமாவும் சித்தப்பாவும் இல்லாத நேரத்தில் கேளுங்கள். அதற்கு முன் அவளுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் நாமக்கல் மாவட்டத் தகவல் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சில பக்கங்கள்தான். அதைப் பக்கத்து மாவட்டத் தாளோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் அதிலேயே உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு விடை தெரிந்துவிடும்; அரை மணியில் மூடி வைத்துவிட்டால் அதுவும் விடைதான்.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள். நீட் கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருந்துதான் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். ஏஜெண்டிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சித்தப்பாவை இந்த வாரமே எழுத்தில் ஒரு கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். ரசீது இல்லையென்றால் வங்கிப் பரிமாற்ற விவரத்தையோ கைப்பேசியில் வந்த செய்திகளையோ அழிக்காமல் வைத்திருங்கள். மகளின் அசல் மதிப்பெண் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஏஜெண்டின் கையில் இருந்தால், பணத்துக்கு முன்னால் அவற்றை வாங்கிவிடுங்கள்.