வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் (தொண்டைக்குள் பார்க்க உதவும் கேமரா கருவி) குரல்நாண் பளிச்சென்று தெரிகிறது, மூச்சுக்குழலில் போட வேண்டிய டியூப் மட்டும் ஏன் உள்ளே போக மறுக்கிறது?

கேட்டவர் கோபிப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் இளம் மருத்துவர். புதுக் கருவியில் அதிகம் வளைந்த பிளேடு (வாய்க்குள் போகும் தகடு) போட்டால் திரையில் எல்லாம் தெரிகிறதாம். டியூப் வாசல் வரை வந்து முட்டி நின்றுவிடுகிறதாம். கேமரா இல்லாமல் நேராகக் கண்ணால் பார்க்கும் பழைய மெக்கின்டாஷ் பிளேடே தேவலையோ என்று கேட்கிறார்.

பிளேடை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் இழுங்க. முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

காரணம் இது. மெக்கின்டாஷில் நாக்கை ஒதுக்கித் தூக்கி, கண்ணும் வாயும் குரல்வளையும் ஒரே நேர்கோட்டில் வரும்படி செய்கிறோம். கண் போன வழியே டியூபும் போய்விடும். வீடியோ கருவியில் கேமரா பிளேடின் நுனிக்கு அருகில் இருக்கிறது, மூலை திரும்பிப் பார்க்கிறது. நமக்கு நேர்கோடு வேண்டியதில்லை. ஆனால் டியூப் அந்த மூலையைத் திரும்பித்தான் ஆக வேண்டும். படுத்திருக்கும் நோயாளியின் வாய்க்குள் அது முதலில் மேல்நோக்கி ஏற வேண்டும், குரல்நாணைத் தாண்டியதும் முதுகுப் பக்கம் சரிய வேண்டும். பிளேடை ஆழமாக அழுத்தித் தூக்கினால் குரல்வளை முன்னால் சாய்ந்து, இந்தத் திருப்பம் இன்னும் செங்குத்தாகிவிடும். அதனால் படம் முழுசாகத் தெரியும்போதுதான் டியூப் போடுவது கஷ்டம். குரல்நாண் திரையின் மேல்பாதியில், பாதி தெரிந்தால் போதும். முழுசாகப் பார்க்கும் ஆசையை இங்கே விட்டுவிட வேண்டும்.

அடுத்து ஸ்டைலட், அதாவது டியூபுக்குள் விட்டு அதற்கு வளைவு கொடுக்கும் கம்பி. வளைந்த பிளேடுக்கு ஸ்டைலட் இல்லாமல் போகவே கூடாது, பிளேடின் வளைவும் ஸ்டைலட்டின் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டைலட் நுனி டியூப் நுனிக்கு உள்ளேயே நிற்கட்டும், வெளியே நீட்டவே கூடாது. டியூப் நுனி குரல்நாணுக்கு இடையில் வந்ததும் நிறுத்துங்க. உதவிக்கு நிற்பவர் ஸ்டைலட்டை நாலைந்து சென்டிமீட்டர் வெளியே இழுக்க, நீங்க டியூபை மட்டும் தள்ளுங்க. விறைப்பான கம்பியோடு தள்ளினால் நுனி மூச்சுக்குழலின் முன்சுவரில் குத்தி நிற்கும். உங்களுக்கு முட்டுவது பெரும்பாலும் அங்கேதான். அப்படி முட்டினால் பலம் கொடுக்காதீங்க. டியூபைக் கடிகாரச் சுற்றில் திருப்புங்க, நுனி முன்சுவரை விட்டுக் கீழ்நோக்கித் திரும்பி வழுக்கிக்கொண்டு இறங்கும்.

முட்டி நிற்பதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். எல்லோரும் திரையையே பார்த்தபடி டியூபை வாய்க்குள் நுழைக்கிறார்கள். உதட்டிலிருந்து கேமராவின் பார்வைக்குள் வரும்வரை டியூப் போகும் பாதையைத் திரை காட்டாது. அந்த மறைவான இடத்தில்தான் மெல்லண்ணம் கிழிவதும், வலது டான்சில் மடிப்பில் டியூப் துளைத்துப் போவதும் நடக்கும். முறை இதுதான்: வாயைப் பார்த்துப் பிளேடை நடுக்கோட்டில் இறக்கு, திரையைப் பார்த்துக் குரல்நாணைப் பிடி, மறுபடி வாயைப் பார்த்து டியூபைப் பிளேடை ஒட்டியே நுழை, பிறகு திரையைப் பார்த்து உள்ளே செலுத்து. வாய், திரை, வாய், திரை. உதவியாளரும் இதை மனப்பாடமாக வைத்திருக்கட்டும். நீங்க மறந்தால் அவர் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஏசி தியேட்டரில் குளிர்ந்து கிடக்கும் லென்ஸில் மூச்சின் ஈரம் பட்டதும் பனி படியும். மயக்க மருந்து கொடுக்கும் முன்பே கருவியை ஆன் செய்து வைத்தால், லென்ஸ் தானே சூடாகும் கருவிகளில் இது பெருமளவு குறையும். மற்றவற்றுக்குப் பனிதடுப்புத் திரவம் தடவுங்க. எச்சிலோ ரத்தமோ இருந்தால் பிளேடுக்கு முன் சக்‌ஷன் போக வேண்டும்.

கருவி எதுவானாலும் அடிப்படை மாறாது. மூன்று நிமிடம் முழு ஆக்ஸிஜன், பருமனானவர்களுக்குத் தலைப்பக்கம் உயர்த்திய படுக்கை, முயற்சியின்போது மூக்கு வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன். ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 95 சதவீதத்துக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் பிளேடை எடுத்துவிட்டு மாஸ்க்கில் மூச்சு கொடுங்க. டியூப் குரல்நாண் தாண்டியதைத் திரையில் கண்ணால் பார்த்தாலும் அது சாட்சி ஆகாது. வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை தொடர்ந்து வருகிறதா என்று குறைந்தது ஏழு மூச்சு பார்க்க வேண்டும்.

மெக்கின்டாஷ் தேவலையா என்றால், இல்லை. 2024-ல் வெளிவந்த கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வில், இதயம், நெஞ்சு, ரத்தக்குழாய் அறுவைகள் 8,429-ல் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது வளைந்த பிளேடு வீடியோவில் 1.7 சதவீதம், நேரடிப் பார்வையில் 7.6 சதவீதம். ஆனால் இரண்டாவது பிளேடு வாங்கும்போது மெக்கின்டாஷ் வடிவ வீடியோ பிளேடையே வாங்குங்க. அன்றாட கேஸ்களுக்கு அது போதும், சாதாரண பூஜியும் (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி) அதில் நன்றாகப் போகும். கேமராவில் ரத்தம் அப்பிவிட்டால் திரையை விட்டுவிட்டு நேராகக் கண்ணாலேயே பார்க்கலாம். வளைந்த பிளேடில் அந்த வசதி கிடையாது.

ஒரு விஷயத்தில் எந்தப் பிளேடும் உதவாது. வெத்தலை பாக்கு, குட்கா போட்டுப் போட்டுக் கன்னம் இறுகி, வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவர்களுக்குப் பிளேடே உள்ளே நுழையாது. மருந்து கொடுத்தாலும் அந்த இறுக்கம் தளராது, அது தசைப்பிடிப்பு அல்ல, நாராகிப் போன சதை. முந்தின நாளே வாயைத் திறக்கச் சொல்லி விரல் வைத்துப் பாருங்க. அவசரமில்லாத அறுவை என்றால், விழித்த நிலையில் ஃபைபர்ஆப்டிக் கருவி (வளையும் மெல்லிய கேமராக் குழல்) மூலம் டியூப் போடும் வசதி உள்ள கோவைக்கோ பெருந்துறைக்கோ மருந்து ஏற்றுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்க.